சோர்வு நீங்கியபின் வரும் துள்ளல்

கல்லடிப் பாலத்தின்மேல் நின்று வாவியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கையில் நீர் அசைவற்றுக் கிடக்கும். மாரி வெள்ளத்தில் அது திறந்துகொண்டாலோ, அதே நீர் கடலை நோக்கிப் பாய்ந்தோடும். மனித மனத்திற்கும் இவ்விரு நிலைகளும் உண்டு.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மாதக்கணக்காக மூலையில் முடங்கிக் கிடந்த மகன், மனச்சோர்வுக்கு வைத்தியர் தந்த மாத்திரையைச் சில வாரங்கள் உண்டபின் எழுந்து சிரிக்கிறான். தாய் மாமாங்கேஸ்வரருக்கு வைத்த நேர்த்திக்கடனைச் செலுத்த ஆயத்தமாகிறாள். ஆனால், மகன் இரவில் மூன்று மணி நேரமே உறங்குகிறான்; களைப்பும் இல்லை. ஓயாது பேசுகிறான். கடன்பட்டுப் புதுத் தோணி வாங்கப் புறப்படுகிறான், தடுத்தால் சீறுகிறான். இது குணமா? அன்று, மனம் மறுகரைக்குத் தாவிவிட்டது என்பதற்கு இதுவே அறிகுறி.

இத்தாவலை மருத்துவ உலகம் தொடக்கத்திலேயே கண்டது. 1952இல் நியூயோர்க்கில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, சிலர் அளவிறந்த உற்சாகம் கொண்டனர். மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு அங்கேதான் தொடங்கிற்று. தாவும் மனத்தை நிலைநிறுத்த லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இலேயே எழுதியிருந்தார்.

மருந்தின்மீது பழி சுமத்துவது முறையன்று. மனச்சோர்வுற்றோரில் மிகப் பலருக்கு அது நன்மையே செய்கிறது. சோர்வும் துள்ளலும் மாறிமாறி வரும் இருமுனை நோய் உள்ளவர்களுக்கே இந்த அபாயம் அதிகம். அந்நோயோ பெரும்பாலும் சோர்வாகவே முதலில் தோன்றும். ஆதலால், முன்னர் இத்தகைய துள்ளல் வந்ததுண்டா, உறவினரில் எவருக்கேனும் இருந்ததா என்று வைத்தியர் கேட்பார். “பெண்ணின் கலியாணம் தடைப்படுமே” என்றஞ்சி நாம் மறைத்துவிடுகிறோம். மறைத்த அந்தச் செய்தியே வைத்தியருக்கு வேண்டிய திறவுகோலாகும். அதை அறிந்தால், அவர் மனத்தை நிலைநிறுத்தும் மருந்தையும் சேர்த்தே தருவார்.

உறக்கம் குறைந்து உற்சாகம் மிகுந்தால், அன்றே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்துதலும் கூடாது, கூட்டுதலும் கூடாது. அவசர வேளையில், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

சிரிப்பைக் கண்டு மகிழ்வோம், உறக்கத்தையும் கவனிப்போம்.