இணைய டைரக்டரியில் பெயர் போட பணம் கட்டலாமா?

சிறுதொழில் நடத்துபவர் எவருக்கும் இந்த அழைப்பு வந்திருக்கும். “சார், உங்க கடையை எங்க சைட்ல முதல் பக்கத்துல காட்டுறோம், மாசம் இவ்வளவுதான், இன்னைக்கே சேர்ந்தா தள்ளுபடி.” சேரலாமா, வேண்டாமா?

பெயரைப் பதிவதற்கு மட்டும் யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை. அது பெரும்பாலும் எல்லா இடத்திலும் இலவசம். வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குக் கட்டலாம். அப்படிச் சேர்க்கிறதா என்பதை நம் கையில் உள்ள நோட்டுப் புத்தகம்தான் சொல்ல வேண்டும், விற்பனைப் பிரதிநிதி அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

எதற்குப் பணம் கேட்கிறார்கள்?

ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட், சுலேகா போன்ற தளங்களில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை இலவசமாகவே பதியலாம். இலவசப் பதிவுகள் நிறைய இருந்தால்தான் தேடி வருபவருக்கு அந்தத் தளம் பயன்படும். அதனால் பெயரைச் சேர்ப்பதில் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு.

பணம் கட்டும்போது கிடைப்பவை வேறு. ஒன்று, பட்டியலில் மேலே வரும் இடம். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைக்கும் பின் சந்தில் உள்ள கடைக்கும் வாடகை வேறுபடுகிறது அல்லவா, அதே கணக்கு. இரண்டு, விசாரணைகள். ‘மதுரையில் ஏசி சர்வீஸ் வேண்டும்’ என்று ஒருவர் தளத்தில் கேட்டால், அவருடைய எண் பணம் கட்டியவர்களுக்குப் போகும். தொழிலில் இதை ‘லீட்’ என்பார்கள். மூன்று, ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்பது போன்ற முத்திரை, கூடுதல் படங்கள், தனிப் பக்கம் முதலியன.

இந்த மூன்றில் எது உங்கள் பேக்கேஜில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். முத்திரையும் தனிப் பக்கமும் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். முத்திரையைப் பார்த்துத் தொழில் வருவதில்லை. தொலைபேசி அடித்தால்தான் வருகிறது.

லீட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரே விசாரணை உங்களுக்கு மட்டும் வருவதில்லை. அதே தொழிலில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் போகும். வாடிக்கையாளருக்குப் பத்து நிமிடத்தில் நான்கைந்து அழைப்புகள் வரும். முதலில் கூப்பிடுபவருக்கோ விலையைக் குறைப்பவருக்கோ வேலை கிடைக்கும். பகல் முழுக்க ஸ்பேனரும் கையுமாக இருப்பவர், மாலையில்தான் போனைப் பார்ப்பவர் என்றால், லீட் வாங்கி என்ன பயன்?

“கூகுளில் மேலே வருவீர்கள்” என்ற பழைய வாக்குறுதி

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் டைரக்டரிக்குப் பணம் கட்டுவதற்கு வலுவான காரணம் இருந்தது. 1994இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குத் தெரிந்த இணையதளங்களை வகைபிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதுதான் யாகூ ஆனது. பின்னாளில் அந்த டைரக்டரியில் வணிகத் தளங்கள் சேர ஆண்டுக்கு 299 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் விண்ணப்பத்தை ஓர் ஆசிரியர் படித்துப் பார்ப்பதற்கான கட்டணம்தான். நிராகரித்தாலும் பணம் திரும்பாது.

அப்படியும் பலர் கட்டினார்கள். 1998இல் தொடங்கிய கூகுள், ஒரு தளத்தை எத்தனை நல்ல தளங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணித்தது. யாகூ டைரக்டரி தரும் இணைப்பு அந்தக் கணக்கில் எடையுள்ளது என்று கருதப்பட்டது. அதே 1998இல் தொடங்கி, தன்னார்வலர்கள் நடத்திய டீமாஸ் என்ற இலவச டைரக்டரிக்கும் அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

மதிப்பு இருக்கும் இடத்தில் போலியும் முளைக்கும். யாரும் தேடிப் போகாத, இணைப்பு விற்பதற்காக மட்டுமே உருவான டைரக்டரிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படி இணைப்புகளைச் செயற்கையாகக் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது. யாகூ டைரக்டரி 2014 முடிவிலும் டீமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

இன்றைய நிலை என்ன? தரவரிசையை உயர்த்தும் நோக்கத்தோடு இணைப்புகளை விலைக்கு வாங்குவதைக் கூகுள் விதிமீறல் என்கிறது. தரம் குறைந்த டைரக்டரி இணைப்புகளை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. விளம்பரமாக விற்கும் இணைப்புக்கு ‘இது பணம் பெற்றது’ என்ற குறியீட்டைத் தளம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அந்த இணைப்பு பொதுவாகத் தரவரிசைக்கு உதவாது; சேர்க்காவிட்டால் விதிமீறல். ஆகவே, “ஐந்நூறு டைரக்டரியில் உங்கள் தளத்தைச் சேர்க்கிறோம்” என்று யாராவது விலை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெரிய டைரக்டரிகளின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் தளம் மேலே வராவிட்டாலும், அவர்களுடைய பக்கம் கூகுளில் மேலே வரலாம். ‘திருச்சி பேக்கர்ஸ் மூவர்ஸ்’ என்று தேடுபவர் முதலில் டைரக்டரியின் பட்டியலைத் திறந்து, அதிலிருந்து உங்களைக் கூப்பிடுவார். உங்கள் தொழிலில் இது நடக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். உங்கள் போனில் வேண்டாம், வேறொருவர் போனில் பாருங்கள். உங்கள் தொழிலையும் ஊரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டுங்கள். முதல் பக்கத்தில் அந்த டைரக்டரி வராவிட்டால் அதற்குப் பணம் கட்டக் காரணம் குறைவு.

யாருக்குப் பலன், யாருக்கு இல்லை?

அவசரமாகத் தேவைப்படும் தொழில், வாடிக்கையாளருக்கு முன்பின் ஆள் தெரியாத தொழில், ஒரு வேலைக்குக் கணிசமான தொகை வரும் தொழில் — இந்த மூன்றும் கூடினால் டைரக்டரி கைகொடுக்கும். வீடு மாற்றித் தரும் நிறுவனம், கரையான் மருந்து அடிப்பவர், போர்வெல் போடுபவர், ஏசி மெக்கானிக் எல்லாம் இந்த வகை. புதிதாகக் குடிவந்தவர்கள் நிறைந்த சென்னைப் புறநகர்களில் இவர்களைத் தேடுபவர்கள் அதிகம்.

வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கு விற்கும் உற்பத்தியாளருக்கும் பலன் உண்டு. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்பவருக்கு ராஜஸ்தானில் உள்ள கடைக்காரர் அறிமுகமாக இந்தியாமார்ட் போன்ற தளம் ஒரு வழி. இங்கே நூறு விசாரணையில் ஒன்று ஆர்டரானாலும் போட்ட பணம் திரும்பிவிடக்கூடும்.

பருவத் தொழிலாக இருந்தால் காலத்தையும் பார்க்க வேண்டும். சிவகாசியில் காலண்டர் அச்சகங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கும். அவர்களுக்கு ஆடி முதல் மார்கழி வரை விசாரணை வந்தால் போதும். பன்னிரண்டு மாதப் பேக்கேஜில் பாதிப் பணம் வீண்.

மளிகைக் கடை, தையல் கடை, டீக்கடை, தெருமுனை சலூன் ஆகியவற்றுக்குப் பணம் கட்டிய லிஸ்டிங் அநேகமாகத் தேவையில்லை. அங்கே வாடிக்கையாளர் நடந்து வருகிறார், தேடி வருவதில்லை. தேடினாலும் கூகுள் மேப்பில்தான் தேடுகிறார்.

கணக்குப் போடும் முறை

கோவையில் ஒருவர் வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். பேக்கேஜ் மாதம் 3,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,540. மாதம் 40 அழைப்பு வருகிறது. விலை மட்டும் கேட்பவர்கள், வேறு ஊர்க்காரர்கள், வேறு ஆளிடம் வேலையை முடித்துவிட்டவர்கள் போக, 10 பேர் வேலை தருகிறார்கள்.

ஒரு வேலைக்கு 900 ரூபாய் பில். உதிரிபாகம், பெட்ரோல், உதவியாள் கூலி போனால் கையில் நிற்பது 350. பத்து வேலைக்கு 3,500. டைரக்டரிக்குக் கட்டியது 3,540. மாதம் முழுக்க அலைந்தும் மிச்சம் இல்லை. ஆனால் 9,000 ரூபாய் பில் போட்டிருப்பதால் தொழில் ஓடுவதுபோலத் தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பில் தொகையைப் பார்க்கக் கூடாது. செலவு போக நிற்கும் தொகையைப் பார்க்க வேண்டும்.

இவருக்கு மாதம் 11 வேலை கிடைத்தால்தான் முதல் தேறும். 16 கிடைத்தால் 2,060 ரூபாய் மிச்சம். அப்படி வந்தவர்களில் சிலர் அடுத்த முறை நேரடியாக இவரையே கூப்பிட்டால், அந்த வேலைக்கு டைரக்டரிச் செலவு கிடையாது. அதையும் வரவில் சேர்க்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் 3,000 ரூபாயை மட்டும் செலவாக வைத்தால் போதும். 9 வேலையிலேயே அவருக்கு முதல் வந்துவிடும்.

இந்தக் கணக்குக்குத் தேவையான விவரம் ஒன்றுதான்: எந்த அழைப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு எளிய வழி, டைரக்டரிக்கென்று தனி சிம் எண் கொடுப்பது. அது முடியாவிட்டால் ஒவ்வொருவரிடமும், “நம்ம நம்பர் எங்க கிடைச்சுதுங்க?” என்று கேட்டு எழுதி வைப்பது. தளம் அனுப்பும் மாத அறிக்கையில் ‘இத்தனை பேர் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள்’ என்று இருக்கும். பார்த்தவர்கள் எண்ணிக்கை வாடகை கட்ட உதவாது.

கையெழுத்துப் போடுமுன்

முதலில் இலவசப் பதிவைப் போட்டு ஒன்றிரண்டு மாதம் பாருங்கள். ஓர் அழைப்புகூட வராத இடத்தில் பணம் கட்டினால் மட்டும் கூட்டம் திரண்டுவிடாது.

சேர்வதென்றால் குறைந்த காலத்துக்குச் சேருங்கள். எந்தப் பிரிவு, எந்தப் பகுதி, எத்தனை லீட், ஒரு லீட் எத்தனை பேருக்குப் போகும், பொய் விசாரணைக்கு ஈடு உண்டா, இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது இல்லாதது போலத்தான்.

வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்பார்கள். அந்த அனுமதி எத்தனை மாதத்துக்கு, தொகை வரம்பு என்ன என்று படித்த பிறகே ஒப்புதல் தாருங்கள். வங்கியில் சொல்லி அந்த அனுமதியை ரத்து செய்ய முடியும். ஆனால் ஒப்பந்தக் காலம் மிச்சம் இருந்தால் நிறுவனம் பாக்கி கேட்கலாம். அதனால் இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டும்.

மோசடிகளும் உண்டு. “கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்” என்று வரும் அழைப்பு பொய். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். அதில் கடையை வைத்திருக்கக் கட்டணம் இல்லை. கூகுளில் தரும் விளம்பரம் வேறு, இது வேறு. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்வரும் ஏற்றுமதியாளர்களுக்கு இன்னொரு வலை இருக்கிறது. ‘உங்கள் விவரத்தை இலவசமாகத் திருத்துங்கள்’ என்று ஒரு படிவம் வரும். அடியில் பொடி எழுத்தில், கையெழுத்திட்டால் மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் யூரோ தர ஒப்புக்கொண்டதாக இருக்கும். திருப்பூர், கரூர் அலுவலகங்களில் தபாலைத் திறக்கும் ஊழியருக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

பணம் இல்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக நிரப்புங்கள். உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதைக் கூகுள் மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், உங்கள் கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில். தொழில் பிரிவைத் துல்லியமாகத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையையும் சேருங்கள். கடையின் உண்மையான படங்களைப் போடுங்கள். வேலை முடிந்து திருப்தியாகப் பணம் தரும் வாடிக்கையாளரிடம் அப்போதே ஒரு விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். குறை சொன்னவருக்கும் பணிவாகப் பதில் எழுதுங்கள்.

இலவசமாகப் பதியும் எல்லாத் தளங்களிலும் பெயர், முகவரி, எண் மூன்றையும் ஒரே மாதிரி கொடுங்கள். ஓரிடத்தில் ‘ஸ்ரீ முருகன் எலக்ட்ரிகல்ஸ்’, இன்னோரிடத்தில் ‘முருகன் எலெக்ட்ரிக்’, பழைய எண், புது எண் என்று இருந்தால் வாடிக்கையாளரும் குழம்புவார், தேடுபொறியும் குழம்பும்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் புது வாடிக்கையாளர் போதவில்லை என்றால், ஒரே ஒரு டைரக்டரியை எடுத்து மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். புதுப்பிக்கச் சொல்லி நான்காம் மாதம் அழைப்பு வரும்போது, எத்தனை வேலை வந்தது, செலவு போக எவ்வளவு நின்றது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், புதுப்பிப்பதா வேண்டாமா என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். சொல்ல முடியாவிட்டால், அந்த மாதமே நிறுத்திவிடுவது லாபம்.