மிதிபட்ட புல்லுக்கு யார் பொறுப்பு?

நம் பங்கு மண்டபத்தைத் திருமணத்துக்கு எடுத்த குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. வாடகை வேறு, முன்பணம் வேறு. விழா முடிந்த மறுநாள் காலையில் மண்டபப் பொறுப்பாளர் வந்து நாற்காலிகளை எண்ணுவார். குழாய்களைத் திருகிப் பார்ப்பார். உடைந்ததற்குக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கையில் தருவார். இதை அநியாயம் என்று எவரும் சொல்வதில்லை. பயன்படுத்தியவரே பழுதுக்கும் பொறுப்பு என்பது சிறுவர்க்கும் விளங்கும் நீதி.

இந்த நீதியை, பொதுப் பூங்காவில் கூடித் தம் குறையை முறையிடும் மக்களுக்கும் அப்படியே பொருத்தலாமா? போராட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபின் புல் கருகிக் கிடக்கிறது. செடிகள் சாய்ந்து கிடக்கின்றன. செலவை யார் ஏற்பது? எளிய கேள்விபோல் தோன்றினும், விடை அத்துணை எளிதன்று என்பதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நமக்குக் காட்டுகின்றது.

செல்வமெல்லாம் ஒரு சிலர் கையில் குவிவதைக் கண்டித்து, 2011 செப்டம்பரில் நியூயார்க் நகரின் வால் தெருவை அடுத்துத் தொடங்கிய போராட்டம் பல நகரங்களுக்கும் பரவியது. அக்டோபர் முதல் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்றத்தைச் சூழ்ந்த பூங்காவில் கூடாரங்கள் எழுந்தன. நகர ஆட்சி அவர்களை விரட்டவில்லை. மழை பெய்தபோது நகரத் தந்தையின் அலுவலகமே மழையங்கிகளை வழங்கியது. அக்டோபர் 12-ஆம் நாள் நகர மன்றம் அவர்களை ஆதரித்துத் தீர்மானமும் நிறைவேற்றியது. ஆனால் நாட்கள் செல்லச் செல்லக் கூடாரங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின; தூய்மை கெட்டது; புல்தரை மடிந்தது. நவம்பர் 30-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, ஏறத்தாழ 1,400 காவலர்கள் வந்து பூங்காவைக் காலி செய்தனர். கைதானோர் ஏறக்குறைய 300 பேர்.

அதன்பின் பூங்காவைச் சுற்றி வேலி போடப்பட்டது. 2012 ஜூலையில்தான் அது மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது புல்வெளியின் பரப்பைக் குறைத்து, வறட்சியைத் தாங்கும் செடிகளை நட்டிருந்தார்கள். காவல், துப்புரவு, சீரமைப்பு அனைத்தும் சேர்ந்து நகருக்கு ஏற்பட்ட செலவு சுமார் 47 இலட்சம் டாலர் என்று கணக்கிட்டனர்.

"கூடாரம் அடித்தவர்களே கொடுக்கட்டும்" என்றனர் பலர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பூங்காவில் மதிய உணவு உண்டு சற்றே இளைப்பாறிய அலுவலகத் தொழிலாளிக்கும், மாலையில் வந்தமர்ந்த முதியவருக்கும் பல மாதங்கள் நிழல் இல்லாமற் போயிற்று. அவர்கள் போராடவுமில்லை, எதையும் உடைக்கவுமில்லை. அவர்கள் வரிப்பணத்திலிருந்து ஏன் எடுக்க வேண்டும்?

ஆயினும் மண்டபத்துக்கும் பூங்காவுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. மண்டபத்தின் உரிமையாளர் வேறு, விழா நடத்துபவர் வேறு. பூங்காவிலோ, கூடியவர்களும் அதன் உரிமையாளர்களுள் ஒரு பகுதியினரே. மேலும், திருமணத்தை வேறொரு மண்டபத்தில் நடத்தலாம். ஆள்வோர் காதில் விழவேண்டிய முறையீட்டை ஆள்வோர் வாசலில்தான் எழுப்ப முடியும். முன்பணம் கட்டியவரே பேசலாம் என்று விதி செய்தால், செல்வர் பேசுவர். பேச வேண்டிய ஏழையோ வாயடைத்து நிற்பான்.

இந்த ஆபத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் முன்னரே கண்டிருந்தது. 1987 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் மாவட்டத்தில் நிறவெறியைக் கண்டித்துச் சுமார் 20,000 பேர் அணிவகுத்தனர். காவல் செலவு 6,70,000 டாலரைத் தாண்டியது. உடனே அம்மாவட்டம், ஊர்வலத்துக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் வாங்கலாம், தொகையை அதிகாரியே தீர்மானிக்கலாம் என்று விதி செய்தது. அவ்விதி செல்லாது என்று 1992-இல் தீர்ப்பாயிற்று. வழக்குத் தொடுத்ததோ, அந்த அணிவகுப்பின் கொள்கைக்கே மாறுபட்ட ஓர் அமைப்பு! பேசப்படும் கருத்தைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றவும் இறக்கவும் அதிகாரிக்கு இடம் கொடுத்தால், பிடிக்காத கருத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் அல்லவா?

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1982-இல், மற்றொரு தீர்ப்பு வந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் போர்ட் கிப்சன் ஊரில் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டு வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தனர். நட்டமடைந்த வணிகர்கள் தொடுத்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் 12,50,000 டாலருக்கு மேல் ஈடு கட்டச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வன்செயல் புரிந்தவரிடமும் அதற்கு உடன்பட்டவரிடமும் அவ்வன்செயலால் விளைந்த சேதத்தைக் கேட்கலாம். கூட்டத்தில் நின்ற குற்றத்துக்காக எல்லாரிடமும் கேட்கலாகாது என்றது.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் சேதம் விளைவிப்பவருக்குத் தண்டனை விதிக்கின்றது. 2009-இல் நம் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, உடைத்தவரோடு நிகழ்ச்சியின் அமைப்பாளரும் இழப்பீட்டைப் பகிர வேண்டும் என்று வழிகாட்டியது. பேருந்துகள் எரிந்த காட்சியைக் கண்ட நமக்கு இது ஆறுதலாகத் தோன்றும். எனினும், அமைதியாக மக்களைக் கூட்டிய ஒருவரின் கூட்டத்தில் எவனோ புகுந்து கல்லெறிந்தால், அவரது வீட்டை விற்றா ஈடு கட்டுவது? அப்படியானால் நாளை எந்த நல்லவர் முன்வந்து மக்களைக் கூட்டுவார்?

ஆகவே நாம் இரண்டு வகைச் சேதத்தைப் பிரித்துக் காண வேண்டும். ஒன்று, கையால் விளைந்தது: சிலையை உடைத்தல், சுவரில் கிறுக்குதல், மரத்தை வெட்டுதல். இதை யார் செய்தார் என்று மெய்ப்பித்து அவரிடமே பெற வேண்டும். மற்றொன்று, காலால் விளைந்தது: ஆயிரம் பேர் நின்றால் புல் மடியத்தான் செய்யும். விடுதலை நாள் விழாவில் மிதிபட்ட புல்லை நகராட்சியே நட்டுத் தருகிறதே. முறையீட்டில் மிதிபட்ட புல்லுக்கு மட்டும் விலைச்சீட்டு நீட்டுவது எப்படி நடுநிலையாகும்?

அதற்காகப் பூங்காவிலேயே குடியேற உரிமை உண்டு என்று நாம் சொல்லவில்லை. வாஷிங்டன் நகரின் லஃபாயெத் பூங்காவில், வீடற்றோர் நிலையை உணர்த்துவதற்காகப் படுத்துறங்க வேண்டுமென்று கேட்டவர்களுக்கு 1984-இல் நீதிமன்றம் இசையவில்லை. பேசலாம், உறங்கலாகாது என்ற வரம்பை அரசு விதிக்கலாம். ஆனால் வரம்பை முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். மழையங்கி கொடுத்து வரவேற்றுவிட்டு, எழுந்த பின் இலைக்குக் காசு கேட்பது விருந்தோம்பலுக்கும் அழகன்று, ஆட்சிக்கும் அழகன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அச்செலவில் தன் பங்கை உணர்ந்திருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம்.

எனினும், அன்பு வாசகர்களே, சட்டம் கேட்காத ஒன்றை மனச்சான்று நம்மிடம் கேட்கின்றது. செலவைப் பொதுப் பணம் ஏற்கட்டும். உழைப்பை நாம் ஏற்கலாம் அல்லவா? நாளை நம் பிள்ளைகள் ஒரு நியாயத்துக்காகப் பொதுவிடத்தில் போய் நின்றால் தடுக்காதீர்கள். போகும்போது குடிநீரோடு ஒரு சாக்குப்பையும் கொடுத்தனுப்புங்கள். கூட்டம் கலைந்தபின் அரை மணி நேரம் தங்கிக் குப்பையைப் பொறுக்கச் சொல்லுங்கள். மறுவாரம் நாற்று நடுகிறார்கள் என்றால் கூடப்போகச் சொல்லுங்கள். அந்த நிழலில் அமரும் முதியவருக்கு அவர்கள் செலுத்த வேண்டிய கடன் அது. அதைச் செலுத்தியவர்கள் அடுத்த முறை குரலெழுப்பும்போது, ஊரும் காது கொடுத்துக் கேட்கும்.