நெய்வேலி வானத்தில் ஆறு நிமிட விருந்தாளி

பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வடமேற்கே மரங்களுக்கு மேலே ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பும். விமானமோ என்று பார்த்தால் சிமிட்டாது. நட்சத்திரமோ என்றால் நகரும். சத்தம் துளியும் இருக்காது. உச்சிக்கு வரும்போது எல்லா நட்சத்திரங்களையும் மிஞ்சி மின்னிவிட்டு, ஆறு நிமிடத்துக்குள் கிழக்கே போய் மறைந்துவிடும்.

அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், வழக்கமாக ஏழு பேர். அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் வேகம்? மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர். நெய்வேலியிலிருந்து சென்னைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மண்ணைத் தோண்டிப் பிழைக்கும் ஊருக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காலண்டரைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் பணியை நேரு தொடங்கிவைத்தது 1957 மே மாதம். அதே ஆண்டு அக்டோபர் 4-ல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் மேலே போனது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளியே தெரிந்தது 1961-ல். யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்ததும் அதே 1961-ல்தான். இந்த ஊர் கீழே போகப் போக, மனிதன் மேலே போய்க்கொண்டிருந்தான்.

விண்வெளி நிலையத்தை நள்ளிரவில் தேடிப் பிரயோஜனம் இல்லை. அது தன் விளக்குகளால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் பெரிய சோலார் தகடுகளில் படும் வெயில்தான் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. சாயங்காலம் வீட்டு வாசல் இருட்டிய பிறகும், அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சியில் கொஞ்சம் மஞ்சள் வெயில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே கதைதான். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இன்னும் வெகுநேரம் வெயில் கிடைக்கும். அதனால் மாலையில் சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரையிலும், அதிகாலையில் சூரியன் உதிப்பதற்கு முந்தைய அதே அளவு நேரத்திலும்தான் தரிசனம். சில நாள் நடுவானத்திலேயே மங்கி, சட்டென அணைந்துபோகும். பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நெய்வேலியில் சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் ராத்திரி பூராவும் விளக்கு எரிகிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் ஊரில் இருட்டைத் தேடித்தான் போக வேண்டும்! மங்கலான செயற்கைக்கோள்கள் இந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். விண்வெளி நிலையத்துக்கு அந்தக் கவலை இல்லை. தெருவிளக்கின் அடியில் நின்றால்கூடத் தெரியும். இங்கே உண்மையான தொந்தரவு மரங்கள்தான். குவார்ட்டர்ஸ் தோட்டத்து மாவும் பலாவும் வானத்தைப் பாதி மறைத்துவிடும். மொட்டை மாடி அல்லது திறந்த மைதானம் உத்தமம்.

எப்போது வரும் என்பதை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியும், ‘ஹெவன்ஸ் அபவ்’ இணையதளமும் முன்கூட்டியே நிமிட சுத்தமாகச் சொல்லிவிடுகின்றன. அதில் உயரத்தை டிகிரியில் போட்டிருப்பார்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் சுமார் பத்து டிகிரி. நாற்பது டிகிரிக்குக் கீழே என்றால் மரத்தில் சிக்கும், விட்டுவிடலாம். சில நாட்கள் தொடர்ந்து மாலையில் வரும், பிறகு காணாமல் போகும், அப்புறம் விடியற்காலையில் வரும். அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்த நாட்கள்தான் தோது. ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட தை பிறந்த பிறகு பார்ப்பது நல்லது.

லண்டன்வாசிகளுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். நிலையத்தின் பாதை 51.6 டிகிரி அட்சரேகை வரை போய்த் திரும்புவதால், அந்தப் பக்கத்து வானத்தில்தான் அதிக நேரம் உலவும். கோடையில் ஒரே இரவில் பல முறைகூட அங்கே தெரியும். நெய்வேலி இருப்பதோ பதினொன்றரை டிகிரியில். இங்கே வாய்ப்பு குறைவு. ஆனால் இதற்கு ஈடாக நமக்கு ஒரு சலுகை உண்டு. 1990-ல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி 28.5 டிகிரிக்கு மேல் வடக்கே போவதில்லை. லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே எழுவதே கிடையாது. நெய்வேலியிலோ தலைக்கு நேர் மேலேயே போகும். வெளிச்சம் குறைவான இடத்தில் நின்றால் வெறும் கண்ணுக்குத் தெரியும். சீனாவின் தியாங்கோங் நிலையமும் இவ்வழியே போய்வருகிறது.

வானத்தில் போவதைப் பார்த்து ஊரே நடுங்கிய காலமும் உண்டு. 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையம் கட்டுப்பாடின்றிக் கீழே இறங்கியது. எடை 77 டன். எங்கே விழும் என்று சொல்ல முடியாமல் விஞ்ஞானிகளே கையைப் பிசைந்தார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இன்றைய தாத்தா பாட்டிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கடைசியில் ஜூலை 11-ம் தேதி இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டுகளாக விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

இப்போதைய நிலையமும் ஒரு நாள் விழத்தான் போகிறது. எடை ஸ்கைலேபைப் போல ஐந்து மடங்குக்கு மேல், சுமார் 420 டன். ஆனால் இம்முறை தானாக விழ விடமாட்டார்கள். 2030-ல் பணியை முடித்து, அதற்கென்றே செய்யப்படும் ஒரு கலத்தால் தள்ளி, ஆளில்லாத பசிபிக் கடல் பகுதியில் இறக்குவது நாசாவின் திட்டம். அந்தக் கலத்தைச் செய்யும் ஒப்பந்தம் 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது.

2025 ஜூன் 26 முதல் ஜூலை 14 வரை அந்த வெளிச்சப் புள்ளிக்குள் ஓர் இந்தியரும் இருந்தார். அந்த நிலையத்துக்குப் போன முதல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா. தனக்கென ஒரு நிலையத்தை 2035-க்குள் அமைக்க இந்தியா திட்டமிட்டிருக்கிறது. இது இறங்கி அது ஏறும்வரை நடுவில் சில வருடங்கள் இருக்கின்றன. இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, இந்த விருந்தாளியைக் காட்ட வேண்டுமானால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்விட வேண்டும்.