புரட்டாசித் தோட்டப் பணிகள்: உப்பைக் கழுவ மழைக்கு வழி செய்வோம்

நொய்யல் கரை உழவர்களே! 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு செய்தவைகளுக்கே பின்னர் இசைவு கிடைத்தது. ஆயினும் முன்னரே மண்ணிலும் கிணற்றிலும் சேர்ந்த உப்பு தானாக நீங்காது. அதைக் கழுவி இறக்க வல்லது ஐப்பசி, கார்த்திகை மழையே. அதற்கான ஆயத்தம் புரட்டாசிப் பணியாகும்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டியபின், அதே நீரில் அலசிய பாட்டிலில் கிணற்று நீரை எடுங்கள். மண் மாதிரியுடன் சேர்த்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். களர் நிலம் எனத் தெரிந்தால், பரிந்துரைத்த அளவு ஜிப்சம் இட வேண்டும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல நீரும் வடிகாலுமே மருந்து.

நிலத்தைச் சமன்படுத்தி, சிறு பாத்திகளாகப் பிரித்து, வரப்பை உயர்த்துங்கள். மழைநீர் ஓடிவிடாமல் தேங்கி இறங்கும்போது, உப்பும் வேர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்.

பார் பிடித்துக் காய்கறி நடுவோர் பாரின் உச்சியில் நடலாகாது. ஈரம் மேலேறி வற்றும் உச்சியில்தான் உப்புப் பூக்கும். பக்கவாட்டில் நடுவதே நன்று. பீன்ஸ் உப்பைத் தாங்காது. பீட்ரூட்டும் தென்னையும் ஓரளவு தாங்கும்.

மழை வந்தபின் மண்வெட்டியைத் தேடினால், உப்பைக் கழுவ இன்னும் ஓராண்டு காத்திருக்க நேரும்.