ஒன்று இருந்தால், மீதியையும் பார்!

1985 ஜூலை 12. பெருங்குடலில் இருந்த சின்னப் பாலிப் ஒன்றை எடுத்துக்கொள்ள, பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனைக்குப் போனார் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன். அதை எடுத்த டாக்டர்கள் கொலோனோஸ்கோபி குழாயை மேலும் உள்ளே செலுத்த, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. மறுநாளே ஆபரேஷன், சுமார் இரண்டடி குடலை வெட்டினார்கள். கட்டிக்குள் புற்றுநோய்! அவருக்கு முதல் பாலிப் தெரிந்தது 1984-லேயே. அப்போதே முழுக் குடலையும் பார்த்திருக்கலாமே என்ற பேச்சு எழுந்தது. நியாயமான பேச்சுதான்.

பாலிப் என்பது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை. சில, காளான் போலக் காம்போடு நிற்கும். சில, தட்டையாகப் படர்ந்து டாக்டரின் கண்ணையே ஏமாற்றும். சுவரின் செல்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஜீன்கள் பழுதானால் செல்கள் குவிந்துவிடும். வயது, புகை, மது, உடல் பருமன், குடும்ப வரலாறு எல்லாம் இதற்குத் துணைபோகும். ஏபிசி என்ற ஜீனில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் பதின்ம வயதிலேயே நூற்றுக்கணக்கில் முளைக்கும். பெருங்குடலையே எடுக்க வேண்டிவரும்.

பெரும்பாலான பாலிப்கள் புற்றுநோயாக மாறுவதில்லை. அடினோமா வகையில் சில மாறும்; அதற்கும் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும். அவ்வளவு அவகாசம் தரும் நோய் அபூர்வம். நாம்தான் மலத்தில் ரத்தம் கண்டதும் 'மூலம்' என்று நாமே முடிவுகட்டி, சுவர் விளம்பரத்து நம்பரைத் தேடுகிறோம். பல பாலிப்கள் ரத்தமும் காட்டாது, வலியும் தராது என்பது வேறு விஷயம்.

1969-ல் நியூயார்க்கில் ஷின்யா, வுல்ஃப் என்ற இரு டாக்டர்கள் கொலோனோஸ்கோபி வழியே கம்பிச் சுருக்கை அனுப்பி, வயிற்றைக் கிழிக்காமலே பாலிப்பை அறுத்தெடுத்தார்கள். இன்றும் அதே முறைதான். நோயாளிக்குக் கஷ்டமெல்லாம் முதல் நாள் பேதி மருந்து குடிப்பதில்தான். லிட்டர் கணக்கில், உப்புக் கரிக்கும். கடைசியில் இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த நீராகப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிச்சக் கசடுக்குப் பின்னால் பாலிப் ஒளிந்துகொள்ளும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரு சென்டிமீட்டரைத் தொட்ட அடினோமா என்றால் மூன்று வருடத்தில் மறுபடி பார்ப்பார்கள். சிறியதாக ஒன்றிரண்டுதான் என்றால் ஏழு முதல் பத்து வருடம் பொறுக்கலாம். பெரிய அடினோமா என்றால் உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்குவது நல்லது.