பால்வெட்டும் கை
நித்திய வாழ்வும் நோக்கமும் – 9

வாழ்க்கைக்கு ஒரு லட்சியம் வேண்டுமென்று உபதேசிக்கிறவர்கள், பெரும்பாலும் அந்த லட்சியத்தை எட்டாத தூரத்திலே கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே சென்று சேரும்வரை கழிகிற நாட்களையெல்லாம் வெறும் வழிச்செலவு என்று கணக்கெழுதி விடுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று. ஒரே வேலையை ஒரே இடத்தில் ஆயுள் முழுவதும் செய்கிறவர்களுடைய ஜீவனத்தில் நோக்கம் என்பது எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்பதற்காக, இந்த வாரம் அரநாயக்கப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களுக்குப் போவோம்.

கேகாலை மாவட்டத்தில், மாவனல்லையிலிருந்து மலைக்குள்ளே ஏறுகிற பாதையில் இருக்கிறது அரநாயக்க. அசுப்பினி எல்ல அருவியும், மேட்டிலே தேயிலையும், சரிவிலே இறப்பரும், இடையிடையே கிராமத்தாரின் மிளகுக் கொடிகளுமாக இருக்கிற பிரதேசம். பிரேசில் காட்டிலிருந்து விக்காம் என்ற ஆங்கிலேயர் சேகரித்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் ஹெனரத்கொடவில் கன்றுகளாக வந்து இறங்கிய கதை பலருக்கும் தெரிந்ததே. அந்த மரங்களின் சந்ததிக்குப் பாலெடுக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த சனங்களின் கதையைத்தான் அவ்வளவு சிரத்தையாக யாரும் எழுதவில்லை.

பால்வெட்டு என்பது விடியற்காலத்துத் தொழில். வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும், பாலும் தாராளமாக ஓடும்; ஆகையால் பெரட்டு என்கிற காலை ஆட்கணக்கு முடிந்த கையோடு, இருள் முழுதும் விலகாத நேரத்திலேயே கத்தியும் வாளியுமாக மலைக்குப் போய்விட வேண்டும். ஒருவருக்கு ஏறக்குறைய 300 மரங்கள். முந்திய வெட்டின் வாயில் நூலாக உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிற சரிவில், ஏறக்குறைய 30 பாகையில், பட்டையை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றே கூடுதலான கனத்தில் சீவி எடுக்கிறார்கள். பாற்குழாய்கள் மரத்தைச் சுற்றி எதிர்ச்சாய்வாக ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். வெள்ளைக் கோடாகக் கசிகிற பால் சாலில் வழிந்து, தகரப் பீலி வழியாகச் சிரட்டையில் சொட்டுகிறது.

இதில் சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. பால் மிகுந்த குழாய்கள் பட்டையின் உட்புறத்திலே, மரம் வளர்வதற்கு ஆதாரமான மெல்லிய படையை ஒட்டியே இருக்கின்றன. அந்தப் படைக்கு ஒரு மில்லிமீற்றர் இப்பால் கத்தி நின்றுவிட வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறைவு. படையைத் தொட்டுவிட்டாலோ மரத்துக்குக் காயம். வேகமாகவும் வெட்ட வேண்டும், ஒவ்வொரு மரத்திலும் இந்த மயிரிழை எல்லையைக் கையே அறிந்து நிற்கவும் வேண்டும். இதை ஒரு நாளில் 300 தடவை செய்து பார்த்தவர்கள் இதனை உடலுழைப்பு என்று மட்டும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இப்படி வெட்டிய ஒரு பெண்மணியிடம், "கொஞ்சம் ஆழமாக இழுத்தால் நிறை கூடுமே அம்மா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் கூடத்தான் வருங்க ஐயா. ஆனா மரத்துல பட்டுச்சுன்னா அந்த எடம் முண்டு கட்டிப்போகும். பொறவு வார ஆளு அதுல எப்படிக் கத்தி வைக்கிறது?"

"அந்த ஆள் யார்?"

"நானாவும் இருக்கலாம், மருமகளாவும் இருக்கலாம். யாரு கண்டா?"

அவர் சொன்னது பாவனையன்று, தொழிலின் கிரமமே அதுதான். ஒரு பக்கத்துப் பட்டை தீர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும், பின்னர் மறுபக்கம், அதுவும் தீர்ந்தபின், பழைய பக்கத்தில் புதிதாக வளர்ந்திருக்கும் பட்டைக்கு மீண்டும் திரும்புவார்கள். இன்றைய வெட்டின் நன்மையும் தீமையும் பத்தாண்டுக்குப் பிறகு வரும் ஒரு கைக்குத்தான் முழுமையாகத் தெரியவரும். எனக்கு நோக்கம் என்று விளங்குவது இதுவே: இப்போது முகம் தெரியாத ஒருவருக்காக இப்போதைய கையை அடக்கிக்கொள்வது. அதற்கு மலையுச்சி தேவையில்லை.

பத்தாண்டை மனத்தில் வைத்து வெட்டுகிற இவர்கள் எதிர்காலம் நிச்சயமென்று நம்பும் பேதைகளும் அல்லர். 2016 மே 17ஆந் தேதி மாலையில், கடும் மழைக்குப் பின்னர் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயங்களின் மேலும் மண் இறங்கியது. மலை எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்களே மலைச்சரிவில் மரத்தைப் பேணுகிறார்கள்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த காலத்தில் சப்ரகமுவவின் மணற்படுகைகளிலிருந்து தோரியனைற்று என்னும் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய அவர், கண்டி நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றி 1908இல் பெருநூல் செய்தார். வேலையையும் அழகையும் வழிபாட்டையும் பிரித்துவிட்ட யந்திர நாகரிகத்தின் மேல் அவருக்குத் தீராத கோபம் இருந்தது. அந்த நூலின் கைவினைஞர் வரிசையில் தந்தம் கடைபவருக்கும் பாய் நெய்பவருக்கும் அருகே பால்வெட்டுகிறவருக்கும் ஓர் ஆசனம் போட வேண்டுமென்பது என் கட்சி.

இதைச் சொல்லும்போதே ஓர் அச்சமும் உண்டாகிறது. தொழிலில் ஆத்ம திருப்தி இருக்கிறதே, கூலி எதற்கு என்று கேட்கக்கூடிய கனவான்கள் எக்காலத்திலும் இருக்கிறார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டுமென்று தோட்டத்துச் சனங்கள் ஆண்டுக்கணக்கில் குரலெழுப்பி, 2021இல்தான் வர்த்தமானி வாயிலாக அது வந்தது. வந்தபோது பண்டங்களின் விலை அதை முந்திக்கொண்டு போய்விட்டது. மழை பெய்தால் பட்டை நனைந்து பால் சாலை விட்டு வழியும், அன்று வெட்டு இல்லை. இந்த மாவட்டத்திலோ மழைக்குக் குறைவில்லை. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. மரத்தில் காயம் கண்டால் கங்காணி ஏசுவார். காயமே இல்லாவிட்டால் அதைப்பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இந்த நிலையில், லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை முடித்ததும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவதைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. அவர்களுடைய தாய்மாரும் குறைகூறவில்லை. பஸ் ஏறும்போது கையில் கொஞ்சம் காசைத் திணித்துவிட்டு, மழை வருமுன் சிரட்டைப் பாலை வாளியில் சேர்க்க மலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.