ஆப்பிரிக்கா இலையை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?



இன்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்துக் கொல்லையில் 'தாவுன் ஆப்ரிக்கா' நிற்கிறது. ஒரு கிளையை ஒடித்து நட்டாலே ஆளுயரம் வளர்ந்துவிடும். "இனிப்பு நீருக்குக் கைகண்ட மருந்து, தினம் நாலு இலை மென்னா போதும்" என்கிறோம். இதில் உண்மை எவ்வளவு?

இதன் தாயகம் ஆப்பிரிக்காதான். நாம் குலை வெட்டும் செம்பனையும் அங்கிருந்து வந்ததுதானே! நைஜீரியாவில் இந்த இலையைக் குழம்புக்குப் போடுகிறார்கள். போடுமுன் நுரை அடங்கிக் கசப்புக் குறையும்வரை தண்ணீரில் கசக்கிப் பிழிகிறார்கள். வயிற்றுப் பூச்சிக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் சாறு குடிப்பதும் உண்டு.

1987இல் தான்சானியாவின் மஹாலே மலைக்காட்டில் மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆராய்ச்சியாளரும், அந்த மண்ணைச் சேர்ந்த முகமதி செய்ஃபுவும் ஓர் அதிசயம் கண்டார்கள். நோயுற்ற சிம்பன்சி ஒன்று இம்மரத்தின் தண்டை உரித்து, உள்சோற்றை மென்று சாற்றை உறிஞ்சியது, மறுநாள் தேறியது. இலையையும் பட்டையையும் ஒதுக்கிவிட்டது! 'வெர்னோடாலின்' என்ற கடுங்கசப்புப் பொருள் அவற்றில்தான் அதிகம். அளவு மிஞ்சினால் நஞ்சாகக்கூடியது அது.

இலைச் சாறு கொடுத்த எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் மனிதனுக்கு எத்தனை இலை, எத்தனை நாள் என்று உறுதியான அளவு கிடையாது. எலி வேறு, நாம் வேறு.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி, நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் 10 பேருக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இனிப்பு நீர். மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை சத்தமில்லாமல் ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். மாத்திரையோடு இலையும் சேர்ந்தாலோ, திடீரென இறங்கி வேர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். விடியற்காலை வெறும் வயிற்றோடு, கையில் கத்தியோடு மேட்டில் நிற்பவருக்கு இப்படி வந்தால் என்ன கதி?

இலை தின்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தொட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிக்கு மருந்தும் கிடைக்கிறது. "ஒரு நாள் பேர் போயிடுமே" என்று பயப்படாதீர்கள். டாக்டர் நோய் விடுப்புச் சான்று கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள். 5 ஆண்டுக்கு மேற்பட்டவருக்கு 22 நாள். அது சலுகை அல்ல, நம் உரிமை!

இலை கொல்லையில் இருக்கட்டும். மாத்திரை வேளை தவறாமல் வாய்க்குப் போகட்டும்.